பக்கத்துப் பூங்கா, பக்கத்து சுகாதார நிலையம், நடக்க ஒரு தெரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் புறநகர்ப் பகுதியின் குடியிருப்போர் நலச் சங்கத்தில் பூங்கா, நடைபாதை, சுகாதாரம் மூன்றும் என் தலையில் விழுந்தன. கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள்கூட, முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில் வந்து கேட்பார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டு நகரங்களையும் புறநகர்களையும் மனத்தில் வைத்து எழுதியது. நான் மருத்துவர் இல்லை. மருந்து விஷயத்தில் உங்கள் மருத்துவர் சொல்வதுதான் முடிவு.

தினமும் பத்தாயிரம் அடி நடக்கவேண்டும் என்கிறார்கள். என்னால் நாலாயிரம்தான் முடிகிறது. பயன் உண்டா?

உண்டு. பத்தாயிரம் என்ற எண் மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்ததில்லை. 1960-களில் ஜப்பானில் அடிகளை எண்ணும் கருவி ஒன்றை விற்றவர்கள் விளம்பரத்துக்காக வைத்த எண் அது. உலகம் முழுவதும் ஒட்டிக்கொண்டுவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அடிக்கணக்கு சொல்லவில்லை, நேரக்கணக்குதான் சொல்கிறது: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்பு. பக்கத்தில் வருபவரோடு பேச முடியவேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அந்த வேகம்தான் மிதமான உழைப்பு.

ஐந்து நாள், அரை மணி நேரம் நடந்தால் குறைந்தபட்ச அளவு வந்துவிடும். ஒரே மூச்சில் நடக்கவேண்டும் என்பதும் இல்லை. காலையில் பத்து நிமிடம், பஸ் நிறுத்தம் வரை பத்து நிமிடம் என்று உடைத்துக்கொள்ளலாம். ஆனால் முன்பு நடந்த தூரத்துக்கு இப்போது மூச்சு வாங்குகிறது, நெஞ்சில் பாரம் தெரிகிறது என்றால் நடைக்கணக்கை விட்டுவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேன். தனியாக வேறு நடக்கவேண்டுமா?

துணி துவைப்பதும் தண்ணீர்க் குடம் சுமப்பதும் உழைப்புதான். மேலே சொன்ன கணக்கில் சேரும். அடுப்படியில் இரண்டு மணி நேரம் நின்றது சேராது, அது கால் வலியை மட்டும்தான் தரும். 'வீட்டு வேலையே போதுமே' என்று பெண்களுக்குச் சொல்பவர் பெரும்பாலும் தன் நடைப்பயிற்சியை முடித்துவிட்டுக் காபிக்குக் காத்திருப்பவராகத்தான் இருக்கிறார். அரை மணி நேரம் வெளியே போய்வருவதில் உடம்புக்குக் கிடைப்பது ஒன்று. நாலு பேரைப் பார்த்துப் பேசுவது இன்னொன்று. இரண்டாவதை எந்த வீட்டு வேலையும் தராது.

உடம்பைப் பார்த்துக்கொள்வது அவரவர் பொறுப்பு. இதில் தெருவுக்கும் பூங்காவுக்கும் என்ன வேலை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. பத்துக் கோடிப் பேருக்கும் ஒரே காலத்தில் மன உறுதி குறைந்துவிட்டது என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மாறியிருப்பது அவர்களைச் சுற்றியுள்ள ஊர்.

எங்கள் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். பால் பூத் இருப்பது பிரதான சாலைக்கு அந்தப் பக்கம். நேர்கோட்டில் பார்த்தால் முந்நூறு மீட்டர்கூட இருக்காது. சாலையின் நடுவே இடுப்பளவு உயரத்தில் கான்கிரீட் தடுப்பு. கடக்க வழி இல்லை. எனவே அரை லிட்டர் பாலுக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, தூரத்தில் உள்ள திருப்பம் வரை போய்த் திரும்பி வருகிறார்கள். இவர்களைச் சோம்பேறிகள் என்று சொன்னால் பாவம். அந்தத் தடுப்பில் ஓர் இடைவெளியும் ஒரு சிக்னலும் இருந்தால், யாரும் அறிவுரை சொல்லாமலே நூற்றுக்கணக்கானவர்கள் தினமும் நடப்பார்கள். அவரவர் பொறுப்பு உண்டுதான். பொறுப்போடு இருக்க நினைப்பவரைத் தெரு தடுக்கக்கூடாது என்பதுதான் சங்கத்தின் கவலை.

அரசு மருத்துவ வசதி பக்கத்தில் எங்கே இருக்கிறது? எதற்கு எங்கே போவது?

கிராமத்தில் துணை சுகாதார நிலையம், அதற்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையம். நகரத்தில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். இவை பலருக்கும் தெரியும். தெரியாமல் இருப்பது நகர்ப்புற நலவாழ்வு மையம். 2023 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 500 மையங்கள் திறக்கப்பட்டன. ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர் என்று சிறிய குழு. இதன் சிறப்பு நேரம்: காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை. வேலைக்குப் போகிறவர் விடுப்பு எடுக்காமல் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள முடியும்.

காய்ச்சல், சளி, சர்க்கரை, ரத்த அழுத்தம், கர்ப்பிணிகள் பரிசோதனை, குழந்தைகளுக்குத் தடுப்பூசி எல்லாவற்றுக்கும் முதலில் இங்கே போங்கள். தலைவலிக்கு நேராக அரசுப் பொது மருத்துவமனைக்குப் போய் அரை நாள் வரிசையில் நிற்பவர்களைப் பார்க்கும்போது, பக்கத்தில் மையம் இருப்பதை யாருமே இவர்களிடம் சொல்லவில்லையா என்று தோன்றும். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104-க்கு அழைத்துக் கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை தருகிறார்களாமே. எங்கள் வீட்டுக்கு ஏன் வரவில்லை?

அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள். நோய் உறுதியானவர்களில் வயதானவர்கள், நடமாட்டம் குறைந்தவர்கள் போன்றோருக்கு மாத்திரை வீடு தேடி வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வலி தணிப்புச் சிகிச்சை, பக்கவாதம் வந்தவருக்கு இயன்முறைச் சிகிச்சை ஆகியவையும் உண்டு. 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது.

எல்லா வீட்டுக்கும் எல்லா மாதமும் வருவது இதன் ஏற்பாடு இல்லை. பட்டியலில் பெயர் இருந்தால்தான் வருவார்கள். தன்னார்வலர் வந்த பகல் நேரத்தில் வீடு பூட்டியிருந்தால் பெயர் விட்டுப்போயிருக்கும். வாடகை வீடு மாறியிருந்தாலும் அப்படியே. சுகாதார நிலையத்துக்கு ஒரு முறை நேரில் போய்ப் பெயரைப் பதிவுசெய்யுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: காவலாளியிடம் சொல்லிவையுங்கள். 'விற்பனைக்காரர்களுக்கு அனுமதி இல்லை' என்று தன்னார்வலர்களையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

அரசு மாத்திரை வேலை செய்யுமா? வெளியே வாங்குவதுதான் நல்லது என்கிறார்களே?

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக, மருந்தின் மூலப்பெயரிலேயே கொள்முதல் செய்கிறது. மாதிரிகளை ஆய்வகத்தில் சோதித்த பிறகே விநியோகிக்கிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப்போன ஏற்பாடு இது. சர்க்கரைக்கு நீங்கள் கடையில் பளபளப்பான அட்டையில் வாங்கும் மெட்ஃபார்மினும் இங்கே கிடைக்கும் மெட்ஃபார்மினும் ஒரே மருந்துதான். நான் பார்த்தவரையில் சர்க்கரை ஏறுவதற்குக் காரணம் மாத்திரையின் தரம் இல்லை, பத்து நாள் போட்டுவிட்டு நிறுத்துவதுதான்.

சர்க்கரை இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் நடக்கலாமா?

என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் தாழ்சர்க்கரை வரலாம்: கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டல். மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கும்வரை பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும், தனியாகப் போகவேண்டாம்.

இன்னொன்று, செருப்பு. கால் மரத்துப்போனவர்கள் கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடப்பதைப் பூங்காவில் பார்க்கிறேன். அக்குப்பிரஷர் பாதை என்று பலகை வைத்திருப்பார்கள். உணர்ச்சி இல்லாத பாதத்தில் கல் கிழித்தது தெரியவே தெரியாது. புண் பழுத்த பிறகுதான் தெரியும். சர்க்கரை நோயாளிகளுக்கு அந்தப் பாதை வேண்டவே வேண்டாம்.

பூங்காவில் இரும்புக் கருவிகள் வைத்திருக்கிறார்கள். அதில் ஆடினால் உடம்பு இளைக்குமா?

இளைக்காது. காலை முன்னும் பின்னும் ஆட்டும் கருவியும் இடுப்பைத் திருப்பும் தட்டும் மூட்டுகளுக்கு நல்லது, வயதானவர்களுக்கு உற்சாகமும் தரும். தசைக்குப் பெரிய வேலை இல்லை. தசையை வலுவாக்கும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும் என்று அதே 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்குப் பூங்கா பெஞ்சே போதும்: கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருப்பது, பத்து முறை. அறுபத்தைந்து வயது தாண்டியவர்கள் ஒற்றைக் காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். விழுந்து இடுப்பெலும்பு முறிவதிலிருந்து அதுதான் காப்பாற்றும்.

கருவி வாங்குவதில் உள்ளாட்சிகளுக்கு இருக்கும் ஆர்வம் எண்ணெய் போடுவதில் இல்லை என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

எங்கள் தெருவில் புதிதாக நடைபாதை போட்டார்கள். யாரும் அதில் நடப்பதில்லை. மக்கள் மாறமாட்டார்களா?

நடைபாதையில் ஏறி நூறு மீட்டர் நடந்து பாருங்கள், காரணம் தெரிந்துவிடும். எங்கள் பகுதியில் நான் நடந்த கதை இது. ஏறும் இடத்திலேயே படி முழங்காலுக்குச் சற்றுக் கீழே. பத்தடி தள்ளி ஒரு வீட்டின் கார் இறங்குவதற்காகப் பாதையைச் சரிவாக வெட்டியிருக்கிறார்கள், இறங்கி ஏறவேண்டும். அடுத்து மின்மாற்றி, அதைச் சுற்றிக் கம்பி வேலி, தெருவில் இறங்கவேண்டும். அதைத் தாண்டினால் நிறுத்திவைத்த இரண்டு புல்லட்டுகள். பிறகு மூடி இல்லாத மழைநீர் வடிகால் துளை. ஓலைப் பாயைச் சுருட்டி அதில் செருகியிருந்தார்கள், எச்சரிக்கைக்காம். கைத்தடியோடு போகும் பாட்டி இதில் ஏன் நடக்கவேண்டும்? தெருவிலேயே ஓரமாகப் போகிறார். அவர் செய்தது சரி.

விதி எப்படி இருக்கிறது என்றால், சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் சொல்லும் தரத்தின்படி குடியிருப்புப் பகுதியில் தடையே இல்லாத 1.8 மீட்டர் அகலம் வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கும் அளவு. உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. வண்டி ஏறும் இடத்தில் நடைபாதை மட்டம் மாறாமல் தொடரவேண்டும், வண்டிதான் ஏறி இறங்கவேண்டும். நல்ல நடைபாதை என்பது அழகான டைல்ஸ் இல்லை; தொடர்ச்சிதான். நடுவில் ஓர் இடத்தில் அறுந்தாலும் மொத்தமும் வீண்.

சென்னை மாநகராட்சி 2014-இலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம் அந்த வழியில் வந்தது. போய்ப் பாருங்கள்: குழந்தைகள் ஓடுகிறார்கள், வயதானவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இடம் சரியாக இருந்தால் மக்கள் நடக்கத்தான் செய்கிறார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் நடைபாதை கிடைப்பது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லிவிட்டது. உங்கள் மனுவில் இதைக் குறிப்பிடுங்கள்.

நடைபாதைக் கடைகளை அகற்றினால் போதும், எல்லாம் சரியாகிவிடும். செய்வீர்களா?

சங்கத்தில் அதிகம் சண்டை வந்தது இந்தக் கேள்விக்குத்தான். என் கருத்து: செய்யக்கூடாது, செய்யவும் நமக்கு அதிகாரம் இல்லை. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பு தந்திருக்கிறது. நகர விற்பனைக் குழு அமைத்து, கணக்கெடுத்து, இடம் ஒதுக்கவேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்கவேண்டும்.

மேலே சொன்ன நூறு மீட்டரில் இடத்தை அடைத்திருந்தவை எவை என்று திரும்பப் படியுங்கள். ஒரு கடைகூட இல்லை. தெருமுனையில் பூ விற்கும் அம்மா இரவு ஒன்பது மணி வரை விளக்கோடு உட்கார்ந்திருப்பதால்தான் அந்த வழியாக டியூஷன் முடிந்து வரும் பெண்பிள்ளைகள் பயமில்லாமல் வருகிறார்கள். அவருக்கு ஓர் ஓரம் ஒதுக்கி, 1.8 மீட்டரை விட்டுவிடச் சொல்வதுதான் பேச்சுவார்த்தை.

பூங்கா கட்டிக்கொடுத்தும் பெண்கள் வருவதில்லையே. ஆர்வம் இல்லையா?

இந்தியாவில் 2022 நிலவரப்படி ஆண்களில் 42 சதவீதம் பேரும் பெண்களில் 57 சதவீதம் பேரும் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்டார்கள். இவ்வளவு பெரிய இடைவெளியை ஆர்வம் என்ற ஒரு சொல்லால் விளக்க முடியாது.

பூங்கா திறந்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். காலை ஐந்து முதல் ஒன்பது வரை, பிறகு பூட்டு, மாலையில் மீண்டும். காலை ஐந்து முதல் ஒன்பது வரை பெரும்பாலான பெண்கள் எங்கே இருப்பார்கள்? அவர்களுக்கு மூச்சு விட நேரம் கிடைப்பது பதினொரு மணிக்கு; அப்போது வாசலில் சங்கிலி தொங்குகிறது. கழிப்பறை இருக்கும், சாவி காவலரிடம் இருக்கும், காவலர் இருக்கமாட்டார். பின்பக்க விளக்கு எரியாது. சுற்றுச்சுவர் ஆளுயரத்துக்கு எழுப்பியிருப்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெருவிலிருந்து தெரியாது.

எங்கள் பூங்காவில் பகல் பூட்டை எடுக்கவைத்தோம், விளக்குகளை மாற்றவைத்தோம், கழிப்பறையைத் திறந்தே வைக்கச் சொன்னோம். ஊஞ்சலைச் சுற்றி நடைபாதை வருமாறு மாற்றியதில் குழந்தையைக் கண்பார்வையில் வைத்துக்கொண்டே தாய்மார்கள் நடக்க முடிந்தது. 'பெண்கள் நலம்' என்று தனிக் கூட்டம் எதுவும் போடவில்லை. வந்தார்கள்.

நாய்த் தொல்லைக்குப் பயந்தே நான் வெளியே போவதில்லை. என்ன செய்வது?

பயம் நியாயமானது. 2023-இன் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பொதுவாக அதே இடத்தில் விடவேண்டும். அதைச் செய்யவேண்டியது உள்ளாட்சி. தனி ஆள் புகார் கொடுத்தால் ஒரு நாயைப் பிடித்துவிட்டுப் போவார்கள். தெருவில் உள்ள எல்லா நாய்களுக்கும் ஒரே சுற்றில் செய்யச் சொல்லி மொத்தமாக எழுதிக் கொடுங்கள். பகுதி பகுதியாகச் செய்வதில் பயன் குறைவு. இறைச்சிக் கடைக் கழிவும் திறந்த குப்பையும் இருக்கும்வரை நாய்க்கூட்டம் கலையாது.

கடித்துவிட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கவேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள், ஊசி இலவசம். எல்லாத் தவணைகளையும் முடிக்கவேண்டும்.

மாவட்டத்துக்கு ஒன்று என்று 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தார்களே. அது போதாதா?

2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற பெயரில் 38 மாவட்டங்களிலும் தொடங்கினார்கள். பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு நல்ல விஷயம். நடப்பதற்காக நீங்கள் பத்து கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போகவேண்டும் என்றால் மூன்றாவது வாரம் போகமாட்டீர்கள். கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் எந்நேரமும் ஆள் இருப்பதற்குக் காரணம், அது ஊர் நடுவே வீடுகளோடு ஒட்டி இருப்பது. எட்டு கிலோமீட்டர் ஒன்றைவிட, பத்து நிமிட நடையில் எட்டுச் சிறிய பூங்காக்கள் மேல்.

எங்கள் மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்று போட்டிருக்கிறது. நேரில் போனால் அங்கே கட்டடம் நிற்கிறது. அது எப்படி?

தமிழ்நாட்டின் வளர்ச்சி விதிகளின்படி 3,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில், சாலைகள் போக மீதமுள்ள பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்காக ஒதுக்கவேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று அலுவலகத்தில் சொல்வது இதைத்தான். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணமாகவும் கட்டலாம். அதற்கு மேல் நிலமாகவே தரவேண்டும். தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்துவிடவேண்டும். அதன்பிறகு மனை போட்டவருக்கு அதில் எந்த உரிமையும் கிடையாது.

எனவே முதலில் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலையும் தானப் பத்திரத்தின் நகலையும் வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தரவேண்டும். சர்வே எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்; 'எங்கள் ஏரியா பூங்கா' என்று கேட்டால் 'தகவல் இல்லை' என்று வரும். கையில் இந்த இரண்டு காகிதங்களும் இருந்தால் பேச்சின் தொனியே மாறும்.

'கோயில் கட்டியிருக்கிறார்கள், கிளினிக் கட்டியிருக்கிறார்கள், நல்ல காரியம்தானே' என்பார்கள். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்த வழக்கில், 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. மருத்துவமனைக்காகக்கூடப் பூங்காவை எடுக்க முடியாது.

நாங்கள் கேட் போட்ட குடியிருப்பு. எங்கள் பூங்காவில் வெளியாட்கள் வந்தால் பாதுகாப்பு என்ன ஆவது?

அது உங்கள் பூங்காதானா என்று முந்தைய பதிலில் சொன்ன காகிதங்களைப் பாருங்கள். தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த ஓ.எஸ்.ஆர். நிலம் என்றால் அது ஊருக்கே சொந்தம். நீங்கள் பூட்டுப் போட முடியாது. உங்கள் குடியிருப்புக்குள் தனியாக விட்ட தோட்டம் என்றால் அது வேறு.

வெளியாட்கள் என்று சொல்லப்படுபவர்களில் பாதிப் பேர் உங்கள் வீடுகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள். வீட்டுச் சாவியைக் கொடுத்து நம்புகிறவரின் மகன் ஊஞ்சலாடினால் பாதுகாப்பு எப்படிப் போகும் என்று எனக்கு விளங்கியதில்லை.

பிள்ளைகள் விளையாட இடமே இல்லை. அரசுப் பள்ளி மைதானம் மாலையில் சும்மாதானே கிடக்கிறது?

ஐந்து முதல் பதினேழு வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓடியாடவேண்டும். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கும் பள்ளிகளில் இது நடக்காது. மைதானத்தை மாலையில் திறப்பது நல்ல யோசனை, ஆனால் தலைமையாசிரியரின் தலையில் எல்லாவற்றையும் கட்டாதீர்கள். மறுநாள் காலையில் உடைந்த பாட்டிலைப் பொறுக்கவேண்டியவர் அவர்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, நேரம், சாவி, கூட்டுவது யார் என்று எழுத்தில் முடிவு செய்த பிறகு கேளுங்கள்.

நல்ல சாப்பாட்டுக்கு என்ன வழி? பக்கத்தில் இருப்பதெல்லாம் பேக்கரியும் ஃபிரைட் ரைஸ் கடையும்தான்.

உழவர் சந்தை எங்கே என்று தேடுங்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் முதல் சந்தை திறந்தது. விவசாயி நேரடியாக விற்பதால் விலை குறைவு, காய் புதிது. தூரமாக இருந்தால், வாரம் இரண்டு நாள் தள்ளுவண்டிக் காய்கறிக்காரர்கள் நிற்க உங்கள் பகுதியில் இடம் கேளுங்கள். நடைபாதைக் கடை பற்றிய பதிலை இங்கேயும் நினைவில் கொள்ளுங்கள்: கீரை விற்பவரைத் துரத்திவிட்டு, கீரை கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? கவுன்சிலரிடம் பலமுறை சொல்லிவிட்டோம்.

சொன்னீர்கள், எழுதிக் கொடுத்தீர்களா? கிராமம் என்றால் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு. அங்கே தீர்மானமாகப் பதிவானால் அதற்கு எடை உண்டு. நகரத்தில் வார்டு குழுவும் பகுதி சபையும் 2022 முதல் வந்திருக்கின்றன. கூட்டம் எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், தானாக யாரும் சொல்லமாட்டார்கள். முதலமைச்சர் உதவி மையம் 1100.

'பூங்காவை மேம்படுத்துக' என்று மனுக் கொடுத்தால் வண்ணம் அடித்துவிட்டுப் போவார்கள். 'வடக்கு வாசலிலிருந்து கழிப்பறை வரை உள்ள நான்கு விளக்குகள் எரியவில்லை' என்று எழுதுங்கள், கம்ப எண்ணோடு.

பணம் இல்லை என்று பதில் வந்தால் நமக்கு நாமே திட்டத்தைக் கேளுங்கள். செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு தரும். நீர்நிலைப் பணி என்றால் பாதி. வசதி உள்ள பகுதிகளுக்கு இது எளிது, குடிசைப் பகுதிகளுக்குக் கஷ்டம். அதனால் இதையே எல்லாருக்கும் விடையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. மூன்றில் ஒரு பங்கு திரட்ட முடியாத தெருவுக்கும் விளக்கு வேண்டும்.

பூங்கா, நடைபாதை எல்லாம் வந்தால் வீட்டு வாடகை ஏறிவிடாதா?

ஏறும். விளம்பரத்திலேயே 'பூங்கா அருகில்' என்று போடுவார்கள். வாடகைதாரர்களுக்கு இது உண்மையான பயம், அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஊரில் ஒரே ஒரு நல்ல பூங்கா இருந்தால் அதைச் சுற்றி மட்டும் விலை எகிறும். எல்லா வார்டிலும் சுமாரான பூங்கா இருந்தால் எங்கேயும் அவ்வளவு எகிறாது என்பதுவரைதான் சொல்ல முடியும். சங்கக் கூட்டங்களுக்கு வீட்டு உரிமையாளர்களை மட்டும் அழைப்பதை நிறுத்தினால், இந்தக் கேள்வி முன்கூட்டியே வரும்.

பூங்காவைச் சங்கமே பராமரிப்புக்கு எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்கலாம், பல ஊர்களில் உள்ளாட்சிகள் தருகின்றன. ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மின்கட்டணம் யார், தண்ணீர் யார், ஊஞ்சல் அறுந்து குழந்தைக்கு அடிபட்டால் யார், காவலர் சம்பளம் யார் என்று நான்கும் எழுத்தில் இருக்கவேண்டும். உள்ளாட்சி தன் பொறுப்பு மொத்தத்தையும் உங்களிடம் தள்ளிவிட்டுப் போவதாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். துப்புரவையும் செடிகளையும் மட்டும் ஏற்றுக்கொண்டு, விளக்கும் கழிப்பறையும் அவர்களிடமே இருக்கட்டும்.

எடுத்த பிறகு சங்கங்கள் வழக்கமாகச் செய்வது: பெயர்ப்பலகை வைப்பது, பிறகு 'பந்து விளையாடாதீர்', 'புல்லில் அமராதீர்', 'காதலர்களுக்கு அனுமதி இல்லை' என்று வரிசையாகப் பலகைகள் வைப்பது. எங்கள் பூங்காவில் ஒரே ஒரு பலகை இருக்கிறது. திறந்திருக்கும் நேரமும், கழிப்பறை பூட்டியிருந்தால் யாரை அழைப்பது என்ற எண்ணும் அதில் உண்டு. வரவு செலவு மாதம் ஒரு முறை காவலர் அறைச் சுவரில் ஒட்டப்படுகிறது.